சீருடைக்கு முன்னால் சட்டம்

(காவலர், தீயணைப்பாளர் தேர்வுக்குத் தயாராகும் மாணவர்களுக்காக விருத்தாசலத்தில் நடந்த கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



கவிதை எழுதுறவன், பேங்க்குல கிளார்க்கா இருக்கிறவன், இவன் எதுக்குப் போலீஸ் தேர்வுக்குப் படிக்கிற பசங்ககிட்ட பேச வந்தான்னு சிலபேர் யோசிக்கலாம். எப்படி ஓடணும், எப்படிக் கயிறு ஏறணும்னு சொல்லித் தர எனக்குத் தெரியாது. நான் பேச வந்தது வேற. காவல், தீயணைப்பு, உள்நாட்டுப் பாதுகாப்பு என்ற இந்த மூன்றும் வேலைகள் மட்டுமல்ல, படிப்புகள். அதை நாம் படிப்பாகப் படிக்கிறோமா? படிக்க இடம் வைத்திருக்கிறார்களா? இதுதான் கேள்வி.

அமெரிக்காவில் சமுதாயக் கல்லூரி என்று ஒன்று இருக்கிறது. 1901-ல் இல்லினாய் மாநிலத்தில் ஜோலியட் என்ற ஊரில் தொடங்கியது. உள்ளூர்க் கல்லூரி, இரண்டு வருடப் படிப்பு, பெரிய பல்கலைக்கழகத்தை விடக் குறைந்த கட்டணம், வேலைக்குப் போகிறவர்களுக்கு மாலை வகுப்பு. அந்த நாட்டுப் போலீஸ்காரர்களிலும் தீயணைப்பாளர்களிலும் பெரும்பகுதி இந்தக் கல்லூரிகளில் படித்து வந்தவர்கள்தான். 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு, 2002-ல் சட்டம் போட்டு உள்நாட்டுப் பாதுகாப்புக்கென்றே ஒரு துறை உண்டாக்கினார்கள். அதற்கப்புறம் பல கல்லூரிகளில் அந்தப் பெயரிலேயே பாடம் நடக்கிறது.

நம் பக்கமும் சமுதாயக் கல்லூரி வராமல் இல்லை. 1995-ல் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் தொடங்கியது. அடுத்த வருடம் சென்னையில் வந்தது. 2013-ல் பல்கலைக்கழக மானியக் குழுவே இதற்கொரு திட்டம் போட்டது. பள்ளிப் படிப்பை விட்டவர்களுக்கும், ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கும் கைத்தொழில் படிப்பு என்பதுதான் நோக்கம். நல்ல நோக்கம். ஆனால் பத்தாவது முடித்த ஒரு காலனிப் பையன் காவலராகவோ தீயணைப்பாளராகவோ ஆக வேண்டுமென்றால் அவனுக்குக் கல்லூரி எது? விடியற்காலை ஐந்து மணி மைதானம். அதற்கு மேல், காசு இருந்தால் கோச்சிங் சென்டர். அவ்வளவுதான்.

கணக்கைப் பாருங்கள். தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வாணையம் 1991-ல் அமைக்கப்பட்டது. இரண்டாம் நிலைக் காவலர், சிறைக் காவலர், தீயணைப்பாளர் மூன்றுக்கும் சேர்த்து ஒரே தேர்வு. 2023-ல் அறிவித்த இடங்கள் 3,359. காவலர் 2,599, சிறைக் காவலர் 86, தீயணைப்பாளர் 674. ஆண்களுக்கு உயரம் 170 சென்டிமீட்டர், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 167. மார்பு 81, மூச்சை இழுத்தால் 86. 1,500 மீட்டரை ஏழு நிமிடத்தில் ஓட வேண்டும். எழுத்துத் தேர்வு 70 மதிப்பெண், அதில் 45 பொது அறிவு, 25 உளவியல். சட்டம் என்று ஒரு தனித்தாள் கிடையாது. உன் நெஞ்சை அளக்கிறார்கள், உன் காலை அளக்கிறார்கள். ஒரு பெண் அழுதுகொண்டு ஸ்டேஷன் வாசலில் வந்து நின்றால் நீ என்ன செய்ய வேண்டும் என்பதைச் சேர்ந்த பிறகு பயிற்சிப் பள்ளியில் சொல்லிக் கொடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். அங்கே சட்டமும் சொல்லித் தருகிறார்கள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அதற்குள் தலைமுடி வெட்டியாச்சு, சல்யூட் பழகியாச்சு. மேலதிகாரி பேச்சுக்கு மறுபேச்சு இல்லை என்பது முதல் பாடமாக உடம்பில் ஏறிய பிறகு, சட்டம் இரண்டாம் பாடமாகத்தான் ஏறும்.

நம்ம பிள்ளைகள் ஏன் இவ்வளவு பேர் ஓடுகிறார்கள்? அரசாங்க வேலை, சம்பளம், அம்மாவுக்கு ஒரு நிம்மதி. அது மட்டுமில்லை. சீருடை போட்டால் டீக்கடையில் மரியாதை வருகிறது. நேற்றுவரை 'டேய்' என்றவன் இன்றைக்கு 'சார்' என்கிறான். இதை நான் கேலி பேச மாட்டேன். இதற்கு வரலாறு இருக்கிறது. அம்பேத்கரின் தந்தை ராம்ஜி ஆங்கிலேய ராணுவத்தில் சுபேதார், ராணுவப் பள்ளியில் ஆசிரியர். அம்பேத்கர் 1891-ல் பிறந்ததே மாவ் ராணுவக் குடியிருப்பில்தான். ஊர்ப் பள்ளிக்கூடம் வெளியே நிறுத்திய சனத்துக்கு ராணுவம் உள்ளே உட்கார வைத்து எழுத்து சொல்லிக் கொடுத்தது. பிறகு 1890-களில், போர்க்குணம் உள்ள சாதி, இல்லாத சாதி என்று பிரித்து, மகர்களை ராணுவத்தில் சேர்ப்பதை வெள்ளைக்காரன் நிறுத்தினான். வேலை மட்டுமா போனது? பள்ளிக்கூடமும் சேர்ந்து போனது. மகர் படைப்பிரிவு முறையாக வர 1941 வரைக்கும் போராட வேண்டியிருந்தது. ஆகவே சீருடை நமக்கு ஒரு காலத்தில் பள்ளிக்கூடமாக இருந்தது என்பது உண்மை.

அதே சீருடை நம்மை அடித்தது என்பதும் உண்மை. 1995-ல் கொடியங்குளம். 1999-ல் தாமிரபரணி, மாஞ்சோலைத் தொழிலாளர்களுக்காக ஊர்வலம் போன சனத்தில் 17 பேர் ஆற்றோடு போனார்கள். 2011-ல் பரமக்குடி. தெற்கே எதற்குப் போக வேண்டும், நம்ம வட்டாரத்துக்கே வாருங்கள். 1993-ல் முதனை கிராமத்துக் குறவர் சமூகத்து ராசாக்கண்ணுவைத் திருட்டுக் கேஸ் என்று சொல்லிக் கம்மாபுரம் காவல் நிலையத்தில் வைத்து அடித்தே கொன்றார்கள். அவர் மனைவி பார்வதி விடவில்லை. வழக்கறிஞர் சந்துரு மூலம் ஆட்கொணர்வு மனு போட்டு உயர் நீதிமன்றம் வரைக்கும் போனார். 2021-ல் 'ஜெய் பீம்' படத்தில் உலகமே பார்த்தது அந்த வழக்கைத்தான். அந்த ஸ்டேஷன் இங்கிருந்து ரொம்ப தூரமில்லை.

இன்னொன்று. 2003 ஜூலை. புதுக்கூரைப்பேட்டை முருகேசன், எஞ்சினியரிங் முடித்தவர், நம்ம பையன். அதே ஊர் வன்னியப் பெண் கண்ணகி. இரண்டு பேரும் பதிவுத் திருமணம் செய்துகொண்டவர்கள். இரண்டு பேர் உடம்பிலும் காது வழியாக, மூக்கு வழியாக விஷம் ஊற்றிக் கொன்று எரித்தார்கள். ஊரே பார்த்தது. போலீஸ் என்ன செய்தது? கொலை என்று உடனே வழக்குப் பதியவில்லை. பதிந்தபோது, முருகேசனின் சொந்தங்களையே குற்றவாளிகளாகச் சேர்த்து, இரண்டு வீட்டாரும் அவரவர் பிள்ளையைக் கொன்றதாகக் கதை கட்டியது. வழக்கு சி.பி.ஐ.-க்குப் போனது. 18 வருடம் கழித்து, 2021 செப்டம்பரில் கடலூர் நீதிமன்றம் 13 பேருக்குத் தண்டனை கொடுத்தது. அதில் இரண்டு பேர், சம்பவம் நடந்தபோது விருத்தாசலம் காவல் நிலையத்தில் ஆய்வாளராகவும் உதவி ஆய்வாளராகவும் இருந்தவர்கள். 2022-ல் உயர் நீதிமன்றம் ஆய்வாளருக்குத் தண்டனையைக் குறைத்தது, உதவி ஆய்வாளரின் ஆயுள் தண்டனையை விட்டுவைத்தது. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

இந்த வழக்கைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. ஆனால் தேர்வுக்குப் படிக்கிறவன் இதைப் பாடமாகப் படிக்க வேண்டும். அந்த ஸ்டேஷனில் ஆய்வாளர் மட்டுமா இருந்தார்? பாரா நின்றவர் இருந்தார், ரைட்டர் இருந்தார், ஜீப் ஓட்டியவர் இருந்தார். புகார் சொல்ல வருகிற ஆள் முதலில் பார்ப்பது அவர்களைத்தான். ஊர் அறிந்த சேதி ஸ்டேஷனுக்குத் தெரியாமல் போகுமா? அவர்களில் யாராவது ஒருவர் 'ஐயா, இது எஃப்.ஐ.ஆர். போட வேண்டிய குற்றம்' என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒருவேளை ஒன்றும் ஆகியிருக்காது. ஒருவேளை அவருக்கு டிரான்ஸ்ஃபர் வந்திருக்கும். ஆனால் 18 வருடம் ஆகியிருக்காது என்று நான் நம்புகிறேன். நான் கவுண்டரில் உட்காருகிறவன். ஒரு சீலைக் குத்துவதற்கும் குத்தாமல் 'நாளைக்கு வா' என்று அனுப்புவதற்கும் நடுவே ஒரு ஏழையின் வாழ்க்கை எப்படிப் புரளும் என்று தினமும் பார்க்கிறேன். கடைநிலை ஊழியனுக்கு அதிகாரமில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

சரி, எந்தச் சட்டத்தைப் படிப்பது? நாலே நாலு சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, முதல் தகவல் அறிக்கை. 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் போய், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்திருக்கிறது. பெயரைச் சொல்லவே நாக்கு சுளுக்குகிறது, அது வேறு விஷயம். பழைய 154-வது பிரிவு இதில் 173. கைது செய்யத்தக்க குற்றம் எந்த ஸ்டேஷன் எல்லையில் நடந்திருந்தாலும் தகவலை வாங்கிப் பதிய வேண்டும், 'எங்க லிமிட் இல்லை' என்று துரத்தக் கூடாது. புகார் கொடுத்தவருக்கு நகல் இலவசம்.

இரண்டு, 1989-ஆம் வருட வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். இதில் விசாரணை அதிகாரி டி.எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாதவராக இருக்க வேண்டும். வழக்குப் பதிய முன்விசாரணை தேவையில்லை என்று 2018 திருத்தம் சொல்கிறது.

மூன்று, அதே சட்டத்தில் 2015 திருத்தம், 2016 ஜனவரி 26 முதல் நடப்பில் இருக்கிறது. நான்காம் பிரிவில் அரசு ஊழியரின் கடமைகளை வரிசையாக எழுதியிருக்கிறார்கள். வாய்மொழியாகச் சொன்னதை எழுதி, படித்துக் காட்டி, அப்புறம்தான் கையெழுத்து வாங்க வேண்டும். சரியான பிரிவுகளில் வழக்குப் பதிய வேண்டும். நகல் தர வேண்டும். அறுபது நாளில் குற்றப்பத்திரிகை போட வேண்டும். வேண்டுமென்றே தவறினால் ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை சிறை.

நான்கு, இதே பிரிவில் பலரும் கவனிக்காத ஒரு வரி. இந்தத் தண்டனை பட்டியல் சாதியோ பழங்குடியோ அல்லாத அரசு ஊழியருக்குத்தான். அப்படியென்றால் நம்ம பையன் கடமை தவறினால் இந்தப் பிரிவு அவனைத் தொடாது. சட்டம் நம்மை நம்பியிருக்கிறது, தோழர்களே. நம்ம ஆள் நம்ம சனத்துக்குத் துரோகம் செய்ய மாட்டான் என்று நினைத்து எழுதியிருக்கிறார்கள். அந்த நம்பிக்கைக்கு நாம் தகுதியா இருக்கிறோமா என்று கேட்டுக்கொள்ள வேண்டாமா?

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், படிப்பு மட்டும் போதாது என்பதற்கும் அத்தாட்சி இருக்கிறது. அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தில் போலீஸ் ஆக இரண்டு வருடக் கல்லூரிப் படிப்பு கட்டாயம். 2020 மே 25-ல் ஜார்ஜ் ஃபிளாய்டின் கழுத்தில் முழங்காலை வைத்து அழுத்திக் கொன்றது அந்த மாநிலத்துப் போலீஸ்தான். கூட நின்ற மூன்று பேரில் இரண்டு பேர் வேலைக்கு வந்து சில நாட்களே ஆனவர்கள். அதில் ஒருவர் கறுப்பினத் தகப்பனுக்குப் பிறந்தவர், உள்ளே போய் மாற்றிக் காட்டுகிறேன் என்று சேர்ந்தவர். மூத்தவன் முழங்காலை எடுக்கவில்லை. இவர்களும் எடுக்க வைக்கவில்லை. 2022-ல் மூன்று பேரும் கடமை தவறியதற்காகத் தண்டிக்கப்பட்டார்கள். உள்ளே போய் மாற்றுகிறேன் என்று சொல்கிற ஒவ்வொரு தம்பியும் இந்தக் கதையைத் தெரிந்துகொள்ளணும். உள்ளே போகிறவனுக்கு வெளியே ஒரு கூட்டம் வேண்டும். அவன் பதில் சொல்ல வேண்டிய கூட்டம், அவனுக்காகக் குரல் கொடுக்கிற கூட்டம். அது இல்லாமல் தனியாளாகப் போனால் ஸ்டேஷன்தான் அவனை மாற்றும்.

இனி நெருப்புக்கு வருகிறேன். நம்ம ஊர் செராமிக் ஊர். செராமிக் தொழில்நுட்ப நிறுவனம் இங்கே இருக்கிறது. அகல் விளக்கிலிருந்து மின்சார ஃபியூஸ் கட்டை வரைக்கும் இந்த ஊர்ச் சூளையில் வேகிறது. நெருப்பை வேலைக்காரனாக வைத்திருக்கத் தெரிந்த ஊர். ஆனால் நெருப்பு நம்ம சனத்துக்கு வேற முகம் காட்டியிருக்கிறது. 1968 டிசம்பர் 25, கீழ்வெண்மணி, ஒரே குடிசையில் 44 உயிர். 2012 நவம்பரில் தர்மபுரி நத்தம் காலனி. கூரை வீடு யாருக்கு? ஊருக்கு வெளியே ஒற்றைத் தடம் யாருக்கு? தீயணைப்பு வண்டி திரும்ப முடியாத தெரு யாருடைய தெரு? தீயணைப்பைப் படிக்கிறவன் தண்ணீர் அடிப்பதை மட்டும் படிக்கக் கூடாது. எண்ணெய்த் தீயில் தண்ணீர் ஊற்றினால் தீ பரவும், மின்சாரத் தீயில் தண்ணீர் ஊற்றினால் ஊற்றியவன் சாவான் என்பது எப்படி அறிவியலோ, அப்படித்தான் காலனித் தெரு ஏன் இவ்வளவு குறுகல் என்பதும். இரண்டும் ஒரே பாடப் புத்தகத்தில் வர வேண்டும்.

மலக்குழியை நினைத்துப் பாருங்கள். செப்டிக் டேங்க்கில் ஒருவன் இறங்குகிறான். உள்ளே ஹைட்ரஜன் சல்ஃபைடு. அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும், கூடினால் நாற்றமே தெரியாது, மூக்கைச் செயலிழக்க வைத்துவிடும். மயங்கி விழுகிறான். காப்பாற்ற இன்னொருவன் இறங்குகிறான், அவனும் விழுகிறான். அப்புறம் தீயணைப்பு வண்டி வருகிறது. தீயணைப்பாளர் முதுகில் காற்று உருளை, முகத்தில் சுவாசக் கருவி. இடுப்பில் கயிறு கட்டி இறங்கிப் பிணத்தை எடுக்கிறார். ஒரே குழி, ஒரே வாயு. பிணத்தை எடுக்க இறங்குகிறவருக்கு அரசாங்கம் கருவி தருகிறது. உயிரோடு இறங்கியவனுக்கு வாளி கொடுத்தது. 2013-ல் தடைச் சட்டம் வந்தது. 2014-ல் உச்ச நீதிமன்றம் குழியில் செத்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் என்றது, 2023-ல் முப்பது லட்சம் என்று உயர்த்தியது. சாவு நிற்கவில்லை. தீயணைப்பாளர் படிக்கிற இந்தப் பாடத்தை ஒவ்வொரு காலனியிலும் பத்துப் பேர் படித்திருந்தால், 'உள்ளே இறங்காதே, யாரையும் இறக்காதே' என்று சொல்ல ஆள் இருந்திருக்கும்.

தங்கச்சிகளுக்கு ஒரு வார்த்தை. 2003-லேயே தமிழ்நாடு தீயணைப்புத் துறையில் பெண் அதிகாரிகள் வந்துவிட்டார்கள். ஆனால் 2023 அறிவிப்பில் தீயணைப்பாளர் 674 இடமும் ஆண்களுக்கு மட்டும். அதிகாரியாக வரலாம், குழாய் பிடிக்க வரக் கூடாதா? இந்தக் கேள்வியை நீங்கதான் கேட்கணும்.

மூன்றாவது, உள்நாட்டுப் பாதுகாப்பு. பெரிய பேரு. நம்ம பக்கத்தில் அதற்கு இரண்டு முகம். ஒன்று நெய்வேலியில் நிற்கிற மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படை. மத்தியப் படைகளின் காவலர் தேர்வு இந்தியிலும் ஆங்கிலத்திலும்தான் என்று இருந்தது. எதிர்ப்புக் கிளம்பி, 2024 முதல் தமிழிலும் எழுதலாம் என்று ஆனது. பயன்படுத்துங்கள். இன்னொரு முகம், ஏ.டி.எம். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற செக்யூரிட்டி. 2005-ஆம் வருடத் தனியார் பாதுகாப்பு முகமைச் சட்டமும், அதையொட்டிய மத்திய மாதிரி விதிகளும் அவருக்கு 100 மணி நேர வகுப்பு, 60 மணி நேரக் களப்பயிற்சி கொடுக்கச் சொல்கின்றன. தீயணைப்பும் முதலுதவியும் அதில் அடக்கம். நான் பழகிய செக்யூரிட்டி அண்ணன்களிடம் கேட்டிருக்கிறேன். ஒருத்தருக்கும் 160 மணி நேரம் நடந்ததாக ஞாபகமில்லை. சட்டை கொடுத்தார்கள், விசில் கொடுத்தார்கள், அதற்கும் சம்பளத்தில் பிடித்தார்கள் என்கிறார்கள்.

1931-ல் காந்தியைச் சந்தித்தபோது, தனக்குத் தாயகம் என்று ஒன்று இல்லை என்று அம்பேத்கர் சொன்னார். தாயகத்தைப் பாதுகாக்கிற படிப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் அதற்குப் பதில் சொல்லட்டும். காலனிக்குள் தீ வைக்க வருகிறவனைத் தடுப்பது உள்நாட்டுப் பாதுகாப்பு இல்லையா? எல்லையில் நிற்பது மட்டும்தானா?

அதனால் நாம் வைக்க வேண்டிய கோரிக்கை இது. இங்கே கொளஞ்சியப்பர் அரசு கலைக் கல்லூரி இருக்கிறது, செராமிக் நிறுவனம் இருக்கிறது. கட்டடம் இருக்கிறது, சோதனைக்கூடம் இருக்கிறது. பத்தாவது முடித்தவர்களுக்குத் தமிழில், மாலை நேரத்தில், குறைந்த கட்டணத்தில் காவல், தீயணைப்பு, மீட்பு, பாதுகாப்பு என்று ஒரு வருடப் பட்டயப் படிப்பைச் சமுதாயக் கல்லூரித் திட்டத்தில் தொடங்கு என்று கேட்போம். தேர்வில் ஜெயித்தால் சீருடை. ஜெயிக்காவிட்டாலும் ஸ்டேஷனுக்குப் போய் எஃப்.ஐ.ஆர். நகல் கேட்டு வாங்கத் தெரிந்த ஆள் காலனிக்குக் கிடைப்பான். ஆயிரக்கணக்கில் ஓடி சில நூறு பேர் ஜெயிக்கிற பந்தயத்தில், தோற்றவனுக்கும் ஏதாவது மிஞ்ச வேண்டாமா? மைதானம் அதைத் தராது. படிப்பு தரும்.

அரசாங்கம் தருகிற வரைக்கும் காத்திருக்கத் தேவையில்லை. வாரம் ஒரு நாள், ஓட்டம் முடிந்ததும் இரண்டு மணி நேரம் உட்காருவோம். வழக்கறிஞர் தோழர்களைக் கூப்பிடுவோம். ஓய்வு பெற்ற தீயணைப்பாளர்கள் நம்ம சனத்திலேயே இருக்கிறார்கள், அவர்களையும் கூப்பிடுவோம். வேலை கிடைத்துப் போகிறவர்கள் லீவில் வரும்போது வந்து, அங்கே என்ன பார்த்தீர்கள், என்ன செய்தீர்கள் என்று எங்களுக்குச் சொல்லணும். இனிப்பு வாங்கிவந்தால் மட்டும் போதாது.

முதல் வகுப்புக்கு ஒரு நோட்டு, ஒரு பேனா எடுத்துட்டு வாங்க. கண்ணகி முருகேசன் வழக்கில் எந்த நாளில் எந்தத் தாள் எழுதப்பட்டிருக்க வேண்டும், யார் எழுதியிருக்க வேண்டும் என்று நாள்வாரியாக நாமே எழுதிப் பார்ப்போம். அதிலிருந்து தொடங்குவோம்.

ஜெய் பீம்.